வட்டக் கம்பியா, தட்டைப் பட்டையா? 'இன்டக்டன்ஸ்' என்ற சொல்லையே உருவாக்கிய ஆலிவர் ஹெவிசைட் யார்?

உங்கள் கையில் இருக்கும் செல்போனைத் திறந்து பார்த்தால் உள்ளே வட்டமான கம்பியே அதிகம் இருக்காது. பச்சை நிறப் போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செம்புக் கோடுகள்தான் மின்சாரத்தைச் சுமக்கின்றன. அந்தக் கோடுகள் எல்லாமே தட்டை. எலெக்ட்ரிக் கார், சோலார் இன்வெர்ட்டர் என எதைப் பிரித்துப் பார்த்தாலும் பெரிய மின்னோட்டம் போகும் இடத்தில் தட்டையான செம்புப் பட்டைகள் இருப்பதைக் காணலாம்.

ஏன் தட்டை? இடம் மிச்சம், சூடு சீக்கிரம் வெளியேறும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் முக்கியமான இன்னொரு காரணம், 'இன்டக்டன்ஸ்'. பிளஸ் 2 இயற்பியல் புத்தகத்தில் 'மின்தூண்டல் எண்' என்று படித்திருப்பீர்கள். ஒரு கம்பியில் மின்னோட்டம் திடீரென மாறினால், அந்தக் கம்பியே அந்த மாற்றத்தை எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பின் அளவுதான் இது. ஓடும் பேருந்தைச் சட்டென நிறுத்த முடியாது, நின்ற பேருந்தைச் சட்டென ஓட்டவும் முடியாது இல்லையா? மின்சாரத்துக்கும் கிட்டத்தட்ட அதே குணம் உண்டு.

இந்த 'இன்டக்டன்ஸ்' என்ற சொல்லை 1886-ல் முதன்முதலில் எழுதியவர் ஆலிவர் ஹெவிசைட். கல்லூரிக்குப் போகாதவர். 24 வயதில் வேலையை விட்டுவிட்டு, அதன்பிறகு வாழ்நாள் முழுக்க எந்த வேலைக்கும் போகாதவர். காதும் சரியாகக் கேட்காது. இவர்தான் பிரிட்டன் தபால் துறையின் உச்சத்தில் இருந்த ஒரு அதிகாரியோடு, ஒரு கம்பியின் கணக்குக்காக ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்.

கேம்டன் டவுன் சிறுவன்

1850-ம் ஆண்டு மே 18-ம் தேதி லண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார் ஹெவிசைட். அப்பா தாமஸ், மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழிலாளி. பத்திரிகைகளில் படம் அச்சிட அந்தக் காலத்தில் மரச்செதுக்குதான் வழி. புகைப்படம் வளர வளர அந்தத் தொழில் படுத்துக்கொண்டே போனது. வீட்டில் வறுமை. சிறுவயதிலேயே ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து, காது பாதி மந்தமானது. தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாமல் தனியாகவே வளர்ந்தார். பின்னாளில் அவருடைய முரட்டுத்தனத்துக்கும் தனிமைக்கும் இதுதான் தொடக்கம் என்று வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பள்ளியில் கெட்டிக்காரர்தான். 1865-ல் நடந்த ஒரு பொதுத் தேர்வில் 500-க்கும் மேற்பட்டோரில் 5-வது இடம். ஆனால் யூக்ளிடின் வடிவியலில் மட்டும் மதிப்பெண் மோசம். தேற்றங்களை நெட்டுரு போட்டு ஒப்பிப்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை. 16 வயதில் படிப்பு நின்றது.

குடும்பத்துக்கு இருந்த ஒரே பெரிய தொடர்பு, சித்தப்பா முறையான சார்லஸ் வீட்ஸ்டன். ஆம், நம்ம ஊர் ஆய்வகங்களில் மாணவர்கள் 'வீட்ஸ்டன் சமனச் சுற்று' என்று படிக்கும் அதே வீட்ஸ்டன். அவர் மனைவியும் ஆலிவரின் அம்மாவும் அக்கா தங்கை. தந்தித் துறையின் முன்னோடியான அவருடைய செல்வாக்கில்தான் ஆலிவரும் அண்ணன் ஆர்தரும் தந்தி வேலைக்குள் நுழைந்தார்கள்.

1868-ல் ஆலிவர் டென்மார்க் போனார். இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே கடலுக்கடியில் புதிதாகப் போட்ட தந்திக் கேபிளில் ஆபரேட்டர் வேலை. பிறகு நியூகாசிலுக்கு மாற்றல். அந்தக் கேபிளில் ஒரு விநோதம் இருந்தது. ஒரு திசையில் செய்தி வேகமாகப் போகும், திரும்பி வரும்போது மெதுவாக வரும். ஒரே கேபிள், ஒரே தூரம், அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இரு கரைகளிலும் கேபிளோடு இணைந்த தரைவழிக் கம்பிகளின் மின்தடை சமமாக இல்லாததே காரணம் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார் அந்த இருபது வயது ஆபரேட்டர்.

1873-ல் வீட்ஸ்டன் சமனச் சுற்றை எப்படி அமைத்தால் அளவீடு மிகத் துல்லியமாக இருக்கும் என்று ஒரு கட்டுரை எழுதினார். வில்லியம் தாம்சன் (பின்னாளில் லார்டு கெல்வின்) பாராட்டினார். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தன் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அதைக் குறிப்பிட்டார்.

அதே 1873-ல்தான் மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் பெருநூல் வெளியானது. அதைப் புரட்டிப் பார்த்த ஹெவிசைட்டுக்கு முதலில் பெரும்பகுதி புரியவில்லை. பள்ளிக் கணிதம் மட்டும் தெரிந்தவருக்கு எப்படிப் புரியும்? ஆனால் அதைப் புரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தார். 1874-ல் வேலையை விட்டார். பெற்றோர் வீட்டில் ஓர் அறை. கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கும் அடுப்பும் எரிய, படிப்பு, கணக்கு, படிப்பு, கணக்கு. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்களாம்.

இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் எந்தப் பெற்றோருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த அறையிலிருந்து வெளிவந்தது சாதாரண விஷயம் இல்லை. மேக்ஸ்வெல் இருபது சமன்பாடுகளில் பரப்பி வைத்ததை 1884-85-ல் நான்காகச் சுருக்கினார் ஹெவிசைட். இன்று உலகமே 'மேக்ஸ்வெல் சமன்பாடுகள்' என்று படிப்பது அந்த நான்கு சமன்பாடுகளைத்தான். மேக்ஸ்வெல் 1879-லேயே 48 வயதில் இறந்துவிட்டார். அவர் அதைப் பார்க்கவில்லை.

ஒரு சொல் பிறந்த கதை

1886 ஜனவரி. லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தின் புதிய தலைவராக டேவிட் ஹியூஸ் பொறுப்பேற்கிறார். கார்பன் மைக்ரோபோனையும் அச்சடிக்கும் தந்திக் கருவியையும் கண்டுபிடித்த பெரிய மனிதர். கணிதம் பெரிதாகத் தெரியாது, ஆனால் கை ராசிக்காரர். பல வகைக் கம்பிகளை எடுத்து, ஒவ்வொன்றின் தன்மின்தூண்டலையும் அளந்து அந்தக் கூட்டத்தில் சொன்னார்.

அதில் ஒரு விஷயம் பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரே உலோகம், ஒரே அளவு என்றாலும் வட்டக் கம்பியைவிட தட்டைப் பட்டையில் தன்மின்தூண்டல் குறைவாக இருந்தது. இரும்பில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். கம்பியின் உருவத்தை மாற்றினாலே அதன் குணம் மாறுகிறது!

நடைமுறைப் பொறியாளர்களுக்கு இது புதிராக இருந்தது. அவர்கள் மின்சாரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி நினைத்துப் பழகியவர்கள். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றாக இருந்தால், அது வட்டமாக இருந்தால் என்ன, சப்பையாக இருந்தால் என்ன?

ஹெவிசைட்டுக்கு இது புதிரே இல்லை. அவர் கணக்கில் மின்சக்தி கம்பிக்குள்ளே ஓடுவதே இல்லை. கம்பியைச் சுற்றியுள்ள வெளியில்தான் ஓடுகிறது. அங்கிருந்து கம்பிக்குள் வெளித்தோல் வழியாக உள்ளே கசிகிறது. மின்னோட்டம் மெதுவாக மாறினால் உள்வரை போய்ச் சேர நேரம் கிடைக்கும். சடாரென மாறினால், உள்ளே போவதற்குள் திசையே மாறிவிடும். அதனால் மின்னோட்டம் கம்பியின் தோலிலேயே நின்றுவிடும். இன்று 'ஸ்கின் எஃபெக்ட்' என்று சொல்வது இதைத்தான். ஹியூஸ் தனக்கே தெரியாமல் அளந்த பல முடிவுகளுக்குப் பின்னால் இதுவும் இருந்தது என்று ஹெவிசைட் எடுத்துக்காட்டினார்.

அப்போது தன்மின்தூண்டலின் அளவைக் குறிக்க நீளநீளமான சொற்றொடர்கள்தான் இருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் எழுதிய கட்டுரையில் 'இன்டக்டன்ஸ்' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டார் ஹெவிசைட். 'இம்பீடன்ஸ்' என்ற சொல்லும் அவர் தந்ததுதான், அதே ஆண்டில். இன்டக்டன்ஸின் அலகுக்கு மேக்ஸ்வெல் நினைவாக 'மேக்' என்று பெயர் வைக்கலாம் என்றும் யோசனை சொன்னார். அது எடுபடவில்லை. 1893-ல் சிகாகோவில் கூடிய மாநாடு, அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி பெயரில் 'ஹென்றி' என்று முடிவு செய்தது.

சரி, தட்டைப் பட்டைக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

இதற்கு வழி சொன்னவர் மேக்ஸ்வெல். கம்பியை ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இழையும் தன் காந்தப்புலத்தால் மற்ற இழைகளை எல்லாம் பாதிக்கிறது. இழைகள் நெருக்கமாக இருந்தால் பாதிப்பு அதிகம், விலகி இருந்தால் குறைவு. அப்படின்னா, எல்லா இழைகளுக்கும் இடையே உள்ள 'சராசரி இடைவெளி' எவ்வளவு என்று தெரிந்தால் போதும், இன்டக்டன்ஸ் தெரிந்துவிடும். இந்தச் சராசரி சாதாரணச் சராசரி அல்ல, பெருக்குச் சராசரி. 1872-ல் மேக்ஸ்வெல் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

விடை எளிமையாக வரும். வட்டக் கம்பிக்கு அந்தச் சராசரி இடைவெளி, ஆரத்தின் 0.7788 மடங்கு. செவ்வகப் பட்டைக்கு, அகலத்தையும் தடிமனையும் கூட்டி அதை ஏறத்தாழ 0.2235-ஆல் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு கம்பியின் நீளத்தை இரண்டால் பெருக்கி, இந்த இடைவெளியால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 1-ஐக் கழிக்க வேண்டும். வரும் எண்ணை மீட்டருக்கு 0.2 மைக்ரோஹென்றி என்ற கணக்கில் பெருக்கினால் இன்டக்டன்ஸ் கிடைத்துவிடும். திரும்பி வரும் கம்பியைக் கணக்கில் சேர்க்காமல், ஒற்றை நேர்க்கம்பிக்கு மட்டுமான கணக்கு இது.

போட்டுப் பார்க்கலாமா? 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்பு, 1 மீட்டர் நீளம். வட்டக் கம்பியாக இருந்தால் ஆரம் 0.564 மி.மீ., இன்டக்டன்ஸ் சுமார் 1.48 மைக்ரோஹென்றி. அதே செம்பை 10 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன் உள்ள பட்டையாகத் தட்டினால் சுமார் 1.16 மைக்ரோஹென்றி. ஒரு கிராம் செம்புகூட மாறவில்லை, இன்டக்டன்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

இப்போது சர்க்யூட் போர்டுக்கு வருவோம். 10 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 0.035 மி.மீ. தடிமன் உள்ள செம்புக் கோட்டுக்குச் சுமார் 7 நானோஹென்றி. அகலத்தை இரட்டிப்பாக்கினால் 5.7 ஆகத்தான் குறையும். பாதியாகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். காரணம் அந்த மடக்கை. ஆனால் நீளத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், 2.8 நானோஹென்றிக்கு இறங்கிவிடும். இன்டக்டன்ஸைக் குறைக்க வேண்டுமா? முதலில் நீளத்தை வெட்டு, அப்புறம் அகலப்படுத்து என்று போர்டு வடிவமைப்பவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

இதையும் தாண்டி ஒரு வித்தை உண்டு. போகும் பட்டையையும் திரும்பும் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் மெல்லிய காப்புத்தாள் வைத்து ஒட்டிவிட்டால், இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 10 மி.மீ. அகலப் பட்டைகளுக்கு இடையே 0.1 மி.மீ. இடைவெளி என்றால் மீட்டருக்குச் சுமார் 13 நானோஹென்றிதான். மைக்ரோ அல்ல, நானோ. எலெக்ட்ரிக் வாகன இன்வெர்ட்டர்களில் அடுக்குப் பட்டை பஸ்பார்கள் இருப்பது இதனால்தான்.

மேக்ஸ்வெல் போட்ட பாதையில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பைச் சேர்ந்த எட்வர்ட் ரோசாவும் ஃபிரடெரிக் குரோவரும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா வடிவங்களுக்கும் சூத்திரங்களையும் அட்டவணைகளையும் தொகுத்தார்கள். குரோவர் 1946-ல் வெளியிட்ட புத்தகத்தைப் பொறியாளர்கள் இன்னும் புரட்டுகிறார்கள்.

அதிகாரியோடு மோதல்

ஹியூஸின் முடிவுகளை வைத்து வேறொரு மனிதர் வேறொரு முடிவுக்கு வந்தார். அவர் வில்லியம் ப்ரீஸ். பிரிட்டன் தபால் துறையின் மின்பிரிவுத் தலைமை அதிகாரி. நாட்டின் தந்தியும் டெலிபோனும் அவர் கையில். அனுபவசாலி, பேச்சாளர், பத்திரிகைகளுக்குப் பிடித்தமானவர். கணிதத்தை நம்பாதவர்.

ப்ரீஸைப் பொறுத்தவரை தன்மின்தூண்டல் என்பது ஒரு தொல்லை. இரும்புக் கம்பியில் அது அதிகம், செம்புக் கம்பியில் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. எனவே டெலிபோனுக்குச் செம்புக் கம்பி போடு, பிரச்னை தீர்ந்தது. டெலிபோன் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது கம்பியின் மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் மட்டும் பொறுத்தது என்று 1887-ல் ஒரு சூத்திரமே வெளியிட்டார். அதில் இன்டக்டன்ஸுக்கு இடமே இல்லை.

செம்பு நல்லது என்பதில் ப்ரீஸ் சொன்னது சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு.

ஹெவிசைட் போட்ட கணக்கு நேர் எதிராக வந்தது. நாம் பேசும் குரலில் கனத்த ஒலியும் உண்டு, கீச்சு ஒலியும் உண்டு. நீண்ட கம்பியில் இவை வெவ்வேறு வேகத்தில் போகும், வெவ்வேறு அளவில் தேயும். கீச்சு ஒலி அதிகமாகத் தேய்ந்துவிடும். மறுமுனையில் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. இதைச் சரிசெய்ய வழி உண்டா? உண்டு என்றது கணக்கு. கம்பியின் மின்தடைக்கும் இன்டக்டன்ஸுக்கும் உள்ள விகிதம், கசிவுக்கும் மின்தேக்குத் திறனுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாக இருந்தால், எல்லா ஒலிகளும் ஒரே வேகத்தில், ஒரே அளவு தேய்ந்து போகும். குரல் மெலியும், ஆனால் சிதையாது.

நிஜக் கம்பிகளில் இந்தச் சமநிலைக்குத் தேவையானதைவிட இன்டக்டன்ஸ் மிகவும் குறைவு. ஆக, டெலிபோன் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் இன்டக்டன்ஸைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும்! எதைத் துறையின் தலைவர் எதிரி என்று அறிவித்தாரோ, அதுதான் மருந்து.

அண்ணன் ஆர்தர் நியூகாசிலில் தபால் துறைப் பொறியாளர், அதாவது ப்ரீஸுக்குக் கீழே வேலை செய்பவர். சகோதரர்கள் இருவரும் சேர்ந்து 1887-ல் டெலிபோன் பற்றி ஒரு கட்டுரை தயாரித்தார்கள். கணிதப் பகுதி முழுக்க ஆலிவருடையது. துறையின் அனுமதி வேண்டும். ப்ரீஸ் அனுமதிக்கவில்லை. கட்டுரை நின்றது. ஆர்தருக்குக் குடும்பம் இருந்தது, உத்தியோகம் இருந்தது. அவர் அடங்கிப்போனார். ஆலிவருக்கு இழக்க எதுவும் இல்லை.

கொஞ்சம் இருந்ததும் சீக்கிரமே போனது. 'தி எலெக்ட்ரீஷியன்' என்ற வாரப் பத்திரிகையில் 1882 முதல் அவர் தொடர்ந்து எழுதிவந்தார். அதில் ஆண்டுக்குச் சுமார் 40 பவுண்ட் கிடைக்கும். அதுதான் அவருடைய மொத்த வருமானம். குரல் சிதையாத கம்பி பற்றிய கணக்கு 1887-ல் அதில்தான் வெளிவந்தது. அதே ஆண்டு, அவரை ஆதரித்துவந்த ஆசிரியர் பிக்ஸ் அந்தப் பொறுப்பிலிருந்து போனார். புதிதாக வந்தவர், கட்டுரைகளை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை என்று தொடரை நிறுத்திவிட்டார். கட்டுரைகள் கடினம் என்பது உண்மைதான். படிப்பவர் மேல் இரக்கமே காட்டாத எழுத்து அது. ப்ரீஸைக் கிண்டல் செய்யும் இடங்கள் மட்டும் எல்லோருக்கும் புரியும்படி இருந்தன. அது அவருக்கு நல்லதும் செய்யவில்லை.

இடி விழுந்தது, காற்று திரும்பியது

1888-ல் ஆலிவர் லாட்ஜ் என்ற இயற்பியலாளர் இடிதாங்கிகள் பற்றி ஆய்வு செய்தார். கோபுர உச்சியிலிருந்து மண்ணுக்குப் போகும் அந்தக் கம்பி எப்படி இருக்க வேண்டும்? மின்தடை குறைந்த தடிமனான செம்புக் கம்பிதான் சிறந்தது என்பது ப்ரீஸ் கட்சி. லாட்ஜ் அதை மறுத்தார். மின்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் பாயும் விஷயம். அங்கே மின்தடை பெரிதல்ல, இன்டக்டன்ஸ்தான் பெரிது. அது கூடினால் மின்னல் கம்பியை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவருக்குத் தாவும். எனவே தட்டைப் பட்டை மேல், இரும்புகூடப் போதும் என்றார். ஹியூஸ் கூட்டத்தில் கேட்ட அதே வட்டமா, தட்டையா கேள்விதான், இந்த முறை கட்டடங்களின் பாதுகாப்பே அதில் இருந்தது.

தன் சோதனைகளை விளக்க முயன்றபோது லாட்ஜுக்கு ஹெவிசைட் எழுதியது கண்ணில் பட்டது. தான் தேடிய கணக்கு எல்லாம் அங்கே தயாராக இருந்ததைப் பார்த்து, வெளிப்படையாகவே பாராட்டினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பாத் நகரில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் லாட்ஜும் ப்ரீஸும் நேருக்கு நேர் மோதினார்கள்.

அதே 1888-ல் ஜெர்மனியில் ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனையில் காட்டிவிட்டார். மேக்ஸ்வெல் சொன்னது சரி என்றால், அதை விரித்துச் சொல்லிவந்த இந்த வீட்டோடு கிடக்கும் மனிதர் சொன்னதும் சரிதானே? 1889 ஜனவரியில் மின்பொறியாளர் நிறுவனத்தின் தலைவராக உரையாற்றிய வில்லியம் தாம்சன், ஹெவிசைட்டின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார். 1891-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அடுத்த ஆண்டு அவருடைய கட்டுரைகள் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன.

ப்ரீஸ் வீழ்ந்துவிட்டாரா என்றால், இல்லை. 1892-ல் தபால் துறையின் தலைமைப் பொறியாளரானார், 1899-ல் சர் பட்டம் வாங்கினார். இளைஞர் மார்க்கோனிக்குக் கைகொடுத்தவரும் அவர்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டெலிபோன் கம்பியில் இன்டக்டன்ஸைக் கூட்டும் யோசனையைப் பிரிட்டன் கண்டுகொள்ளவே இல்லை.

அமெரிக்கா கண்டுகொண்டது. டெலிபோன் கம்பியில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு கம்பிச்சுருளைச் சேர்த்தால் இன்டக்டன்ஸ் கூடும் என்று ஏடி அண்டு டி நிறுவனத்தின் ஜார்ஜ் கேம்பலும், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மிகேல் புபினும் தனித்தனியே வேலை செய்தார்கள். 1900-ல் காப்புரிமை புபினுக்குக் கிடைத்தது. அந்த நிறுவனம் அவருக்குக் காலப்போக்கில் கொடுத்தது 4 லட்சம் டாலருக்கும் மேல். 1911-ல் நியூயார்க்கிலிருந்து டென்வருக்குப் பேச முடிந்தது இந்தச் சுருள்களால்தான். அடிப்படைக் கணக்கைப் போட்ட ஹெவிசைட் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கவில்லை. ஒரு பைசா வரவில்லை. கோஆக்சியல் கேபிளுக்கு 1880-லேயே காப்புரிமை வாங்கிய மனிதர், இதில் மட்டும் கோட்டைவிட்டார்.

டெவன் கடற்கரையில் ஒரு தனிமனிதர்

1889-ல் பெற்றோரோடு டெவன் பகுதியின் பெயின்டன் ஊருக்குக் குடிபோயிருந்தார். தம்பி சார்லஸ் அல்ல, அண்ணன் சார்லஸ் அங்கே இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே வீடு. 1894-ல் அம்மாவும் 1896-ல் அப்பாவும் இறந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நண்பர்கள் முயற்சியில் அரசு ஆண்டுக்கு 120 பவுண்ட் உதவித்தொகை கொடுத்தது. தர்மம் என்று தோன்றினால் எந்தப் பணத்தையும் தொட மாட்டார். அறிவியல் பணிக்கான மரியாதை இது என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது.

1897-ல் அருகிலுள்ள நியூட்டன் ஆபட்டுக்குத் தனியாகக் குடிபோனார். அங்கே தெருப் பையன்கள் அவரைக் கேலி செய்து கல்லெறிந்தார்கள். சமையலும் தெரியாது, வீடு பராமரிக்கவும் தெரியாது. உடல்நிலை கெட்டது. 1908-ல் டார்க்கே நகரில் அண்ணியின் சகோதரி மேரி வே வீட்டில் குடியேறினார். அந்த அம்மாவை அவர் படுத்திய பாடும் கொஞ்சநஞ்சம் அல்ல. சில ஆண்டுகளில் அவரே வெளியேறிவிட்டார். வீட்டில் சாமான்களுக்குப் பதிலாகக் கருங்கல் பாளங்களை அடுக்கி வைத்திருந்தார், கடிதங்களில் பெயருக்குப் பின்னால் 'புழு' என்று பொருள்படும் எழுத்துகளைப் பட்டம்போலப் போட்டுக்கொண்டார் என்றெல்லாம் அந்தக் காலத்துச் செய்திகள் உண்டு. கேஸ் கட்டணம் கட்ட முடியாமல் குளிரில் கிடந்த நாட்களும் உண்டு.

ஆனால் மூளை ஓயவில்லை. மார்க்கோனியின் வானொலி அலை அட்லாண்டிக் கடலைத் தாண்டியது எப்படி என்று எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்தார்கள். பூமி உருண்டை, அலையோ நேராகப் போவது. வானில் உயரத்தில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருந்து அலையைத் திருப்பி அனுப்பலாம் என்று 1902-ல் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய தந்தி பற்றிய கட்டுரையில் சொன்னார் ஹெவிசைட். அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் அதே ஆண்டு அதையே சொன்னார்.

1922-ல் மின்பொறியாளர் நிறுவனம் புதிதாக ஏற்படுத்திய ஃபாரடே பதக்கத்தின் முதல் விருதை ஹெவிசைட்டுக்கு அறிவித்தது. விழாவுக்கு லண்டன் வர மறுத்துவிட்டார். நிறுவனத்தின் தலைவரே டார்க்கே போய் நேரில் கொடுத்துவிட்டு வந்தார்.

1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டன், பிபிசியின் போர்ன்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளைப் பயன்படுத்தி, வானில் அந்த அடுக்கு உண்மையிலேயே இருப்பதைச் சோதனையில் உறுதி செய்தார். பின்னாளில் அதற்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதே குளிர்காலத்தில் டார்க்கே வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து அடிபட்டார் ஹெவிசைட். மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டவர், 1925 பிப்ரவரி 3-ம் தேதி, 74 வயதில் இறந்தார். பெயின்டன் கல்லறைத் தோட்டத்தில் அப்பா, அம்மாவோடு அடக்கம் செய்தார்கள்.